கண்டம் தாண்டிய கிளைகளுக்கு ஒரே தொலைபேசி வலை: தாளில் தொடங்கிக் கம்பியில் முடிப்பது எப்படி?

சிங்கப்பூர் அலுவலகத்தில் ஒருவர் ஏழு இலக்கங்களை அழுத்தினால் சாவோ பாலோவில் ஒரு மேசைத் தொலைபேசி மணியடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். இரண்டு ஊரிலும் பி.பி.எக்ஸ். (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) இருக்கிறது, இரண்டு ஊரிலும் இணையம் இருக்கிறது, நடுவே ஒரு ட்ரங்க் (இரண்டு இணைப்பகங்களைக் கோக்கும் தொலைபேசி இணைப்பு) போட்டால் முடிந்தது என்று தோன்றும். ட்ரங்க் போடுவது உண்மையிலேயே ஒரு பிற்பகல் வேலை. அதற்கு முன்னால் எண்களைத் திட்டமிடுவதும், அதற்குப் பின்னால் "ஒரு பக்கம் குரல் கேட்கவில்லை" என்ற புகாரின் வேரைத் தேடுவதும்தான் மாதக்கணக்கில் இழுப்பவை.

உதாரணத்துக்கு நான்கு கிளைகளை வைத்துக்கொள்வோம்: சிங்கப்பூர், சிட்னி, பிராங்பர்ட், சாவோ பாலோ. ஒவ்வொன்றிலும் ஐ.பி. அடிப்படையிலான பி.பி.எக்ஸ். ஒன்று ஓடுகிறது. அது ஆஸ்டெரிஸ்க் போன்ற திறந்த மூல மென்பொருளாக இருக்கலாம், விலைகொடுத்து வாங்கிய பெட்டியாகவும் இருக்கலாம். இங்கே சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: தூரத்தை அளங்கள்

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சிங்கப்பூருக்கும் பிராங்பர்ட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 10,000 கி.மீ. அப்படியானால் ஒரு வழிக்கு மட்டும் 50 மில்லி விநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. கரையோரம் வளைந்து, நீரிணைகளில் நுழைந்து, நடுவே பல நிலையங்களில் ஏறி இறங்கிப் போகும். ஆகவே ஒரு வழிக்கு 80 வரை வருவது இயல்பு. இந்த எண்ணை எந்த ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலும் குறைக்க முடியாது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையின்படி, வாயிலிருந்து காதுவரை ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குத் தொந்தரவில்லை; 400-ஐத் தாண்டும்படி திட்டமிடவே கூடாது. கடலில் ஆகும் 80 உடன் குரலைப் பாக்கெட்டுகளாக, அதாவது தரவுத் துண்டுகளாக, கட்டுவதற்கு 20, மறுமுனையில் முன்பின்னாக வருபவற்றைச் சற்று நிறுத்திச் சீராக்கும் ஜிட்டர் பஃபருக்கு 40 சேர்த்தால் 140. சிங்கப்பூர்–பிராங்பர்ட் அழைப்பு மயிரிழையில் தேறிவிடும். சிங்கப்பூர்–சாவோ பாலோ தேறாது. பூமியின் மறுபக்கம் போகும் அழைப்பு 200-ஐத் தாண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், பிறகு இருவரும் "நீங்கள் சொல்லுங்கள்" என்பார்கள். அதைப் பழுது என்று எண்ணி யாரும் நாள்களை வீணாக்க வேண்டாம். அது புவியியல்.

36,000 கி.மீ. உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஏறி இறங்கினால் ஒரு வழிக்கே 250 மில்லி விநாடி செலவாகிவிடும். அதை வேறு வழியே இல்லாத கிளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் முறையில் ஒரு எச்சரிக்கை. ஒரு காலை வேளையில் பத்து முறை பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்வது அளவு ஆகாது. ஒரு முழு வாரம், இரு முனைகளின் வேலை நேரங்களிலும், 200 பைட் அளவு யு.டி.பி. (சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) பாக்கெட்டுகளை விநாடிக்கு 50 வீதம் அனுப்பிப் பாருங்கள். ஒரு குரல் அழைப்பு வலையில் விடுவது ஏறத்தாழ அதைத்தான். தாமதத்தோடு அதன் ஏற்ற இறக்கத்தையும், அதாவது ஜிட்டரையும், காணாமல்போன பாக்கெட்டுகளின் விகிதத்தையும் எழுதி வையுங்கள். தாமதம் நிலையாக 120 இருக்கும் இணைப்பில் நிம்மதியாகப் பேசலாம். 70-க்கும் 160-க்கும் நடுவே ஊசலாடும் இணைப்பில் பேச முடியாது. சராசரி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

படி 2: எண் திட்டம்

என் கணக்கில் இந்த வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. மென்பொருளை அடுத்த ஆண்டு மாற்றலாம், இணைப்பை அடுத்த மாதம் மாற்றலாம். ஆயிரம் பேரின் முகவரி அட்டையில் அச்சான எண்ணை மாற்ற முடியாது.

முதல் சிக்கல், ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக வளர்ந்திருக்கும். சிங்கப்பூரில் 2105 கணக்குப் பிரிவு, பிராங்பர்ட்டில் அதே 2105 கிடங்கு. உள்ளெண்களை எல்லாம் மாற்றியமைக்க முனைந்தால் கலகம் வரும். உள்ளெண்ணைத் தொடாதீர்கள்; அதற்கு முன்னால் ஒரு கிளைக் குறியீட்டை ஒட்டுங்கள். கிளைகளுக்கிடையே அழைக்க 8, அதன் பிறகு இரண்டு இலக்கக் கிளைக் குறியீடு, அதன் பிறகு நான்கு இலக்க உள்ளெண். பிராங்பர்ட்டுக்கு 49 என்று வைத்தால் கிடங்கின் எண் உலகெங்கும் 8-49-2105. சிங்கப்பூருக்கு 65, சிட்னிக்கு 61, சாவோ பாலோவுக்கு 55. நாட்டுக் குறியீட்டையே வைத்துக்கொண்டால் ஊழியர்களுக்கு மனனம் எளிது. ஆனால் ஒரே நாட்டில் இரண்டாவது அலுவலகம் திறந்த அன்றே அந்த அழகு குலைந்துவிடும். மூன்று இலக்க நாட்டுக் குறியீடுகளும் இருக்கின்றன. வளரும் நிறுவனம் என்றால் எந்தப் பொருளும் ஏற்றாத குறியீடுகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கிளைக்குள் பேசுபவர்கள் பழையபடி நான்கு இலக்கம் மட்டும் அழுத்தலாம். உள்ளெண்கள் 2 முதல் 7 வரையான இலக்கங்களில் தொடங்கட்டும். 0 அல்லது 9 பல இடங்களில் வெளி இணைப்பு எடுக்கப் பழகியவை. 112, 911, 999, 000 ஆகிய அவசர எண்களும் 0, 1, 9 பகுதியில்தான் நெரிசலாக இருக்கின்றன. 91 என்று தொடங்கும் உள்ளெண்களைக் கொடுத்துவிட்டு, பிறகு காவல்துறையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் அழைப்பவரின் எண். சிங்கப்பூரிலிருந்து 2105 அழைத்தால் பிராங்பர்ட் திரையில் 2105 என்றே காட்டினால், திரும்ப அழைப்பவர் தம் ஊர்க் கிடங்கைத்தான் பிடிப்பார். ஆகவே ட்ரங்கை விட்டு வெளியேறும்போதே எண்ணை 8652105 என்று மாற்றி அனுப்ப வேண்டும். அனுப்பும் பக்கமே மாற்றட்டும். பெறும் பக்கத்தில் மாற்றினால் ஒவ்வொரு கிளையிலும் மற்ற எல்லாக் கிளைகளுக்குமான விதிகளைப் பராமரிக்க நேரும்.

பொதுத் தொலைபேசி எண்களை உள்ளே சேமிக்கும்போது எப்போதும் இ.164 வடிவில், கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து, அதிகபட்சம் 15 இலக்கங்களில் வையுங்கள். வெளிநாட்டு அழைப்புக்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் 00, வட அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011. இவற்றை முகவரிப் புத்தகத்தில் கலந்து வைத்தால் யாருடைய புத்தகமும் இன்னொருவருக்கு உதவாது.

மூன்றாவது சிக்கல் சுழற்சி. "தெரியாத எண் வந்தால் தலைமையகத்துக்கு அனுப்பு" என்று கிளையில் ஒரு விதி. "8-61 என்று வந்தால் சிட்னிக்கு அனுப்பு" என்று தலைமையகத்தில் ஒரு விதி. சிட்னியில் இல்லாத உள்ளெண்ணை யாராவது அழுத்தினால் அந்த அழைப்பு இரண்டு ஊருக்கும் நடுவே பந்தாகிவிடும். எஸ்.ஐ.பி. (இணையவழி அழைப்பைத் தொடங்கி முடிக்கும் சமிக்ஞை முறை) செய்தியில் எத்தனை முறை தாண்டலாம் என்ற வரம்பு வழக்கமாக 70. ஆனால் பி.பி.எக்ஸ். ஒவ்வொரு தாண்டலையும் புதிய அழைப்பாகத் தொடங்கினால் அந்த வரம்பு வேலை செய்யாது. ட்ரங்க் நிரம்பும்வரை பந்து ஓடும். ஒரே விதி போதும்: ட்ரங்க் வழியாக உள்ளே வந்த அழைப்பு, வந்த வழியே ஒருபோதும் திரும்பக் கூடாது.

படி 3: சட்டத்தைக் கேளுங்கள்

இதை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், வடிவமைப்பையே இது மாற்றிவிடும். உள் வலைவழியாகப் பிராங்பர்ட் வரை வந்து, அங்கிருந்து அந்த ஊர்ப் பொதுத் தொலைபேசி வலைக்குள் இறங்கி உள்ளூர்க் கட்டணத்தில் பேசுவது பொறியாளருக்கு இனிப்பான யோசனை. சில நாடுகளில் அது கட்டுப்படுத்தப்பட்ட செயல். உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். கிளைகளுக்குள் மட்டும் பேசுவது பொதுவாகச் சிக்கலில்லாதது. இரண்டையும் டயல் பிளானில் (எந்த எண் எங்கே போகும் என்ற விதித் தொகுப்பில்) தனித்தனி வாசல்களாக வைத்து, வெளியேறும் வாசலைச் சட்ட ஆலோசகர் எழுத்தில் ஒப்புதல் தரும்வரை பூட்டியே வையுங்கள்.

அவசர அழைப்புகளில் சமரசமே கூடாது. பயணத்தில் இருக்கும் பிராங்பர்ட் ஊழியர் சிட்னி அலுவலகத்தில் தன் தொலைபேசியைப் பதிவு செய்திருக்கிறார், தீ விபத்து, ஆஸ்திரேலிய அவசர எண்ணான 000 அழுத்துகிறார். அழைப்பு பிராங்பர்ட் பி.பி.எக்ஸ். வழியாக வெளியேறினால் அங்கே அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அவசர எண்கள் அனைத்தும் அந்தந்தக் கட்டடத்தின் உள்ளூர் இணைப்பு வழியாகவே வெளியேற வேண்டும். அமெரிக்காவில் 2018-இல் கையெழுத்தாகி 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த காரி சட்டம், பல இணைப்புத் தொலைபேசி அமைப்புகளில் முன்னொட்டு எதுவுமின்றி நேரடியாக 911 அழைக்க முடிய வேண்டும் என்கிறது. அங்கே கிளை இல்லாவிட்டாலும் இதையே உங்கள் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

படி 4: பாதையும் வடிவமும்

நான்கு கிளைகளை ஒன்றோடொன்று நேராக இணைத்தால் 6 ட்ரங்குகள். பத்துக் கிளைகளுக்கு 45. அதனால்தான் எல்லோரும் ஒரு மையத்தை நட்டு, மற்றவற்றை அதில் கட்டுகிறார்கள். நிர்வாகத்துக்கு அது நல்லது, காதுக்குக் கெட்டது. பிராங்பர்ட்டை மையமாக்கினால் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் போகும் குரல் ஐரோப்பா வரை போய்த் திரும்பி வரும். அறையின் மறுமூலையில் இருப்பவரிடம் பேச ஊரைச் சுற்றி வருவது போல.

இதற்கு நல்ல தீர்வு ஒன்று உண்டு. அழைப்பை ஏற்படுத்தும் சமிக்ஞை ஒரு வழியிலும், குரல் வேறு வழியிலும் போகலாம், எஸ்.ஐ.பி.யின் அடிப்படையே அதுதான். யாருக்கு எந்த எண் என்ற முடிவு மையத்தில் எடுக்கப்படட்டும். குரலைச் சுமக்கும் ஆர்.டி.பி. பாக்கெட்டுகள் இரு கிளைகளுக்கும் நடுவே நேராக ஓடட்டும். மையத்தில் உள்ள பி.பி.எக்ஸ். குரலைத் தன் வழியாக இழுக்காதபடி அமைக்க வேண்டும். அழைப்பை மையத்தில் பதிவு செய்யவோ கோடெக்கை (குரலை எண்ணாக்கும் முறையை) மாற்றவோ வேண்டியிருந்தால் இது கைகூடாது. கண்டத்துக்கு ஒரு மையம் என்பது அப்போது நடுவழி.

கம்பிக்கு மூன்று தேர்வுகள். தனியார் எம்.பி.எல்.எஸ். சுற்று (சேவை நிறுவனம் தன் வலைக்குள் ஒதுக்கித் தரும் பாதை): விலை கூடுதல், ஜிட்டர் குறைவு, குரலுக்கு முன்னுரிமை கேட்டுப் பெறலாம். பொது இணையத்தின் மேல் வி.பி.என். (குறியாக்கம் செய்த சுரங்கம்): மலிவு, நெரிசல் நேரத்தில் தலைவிதி. மூன்றாவது, அருகிலுள்ள மேகக்கணி நிறுவன நுழைவிடம்வரை இணையத்தில் போய், கடலை அவர்களின் தனி வலையில் தாண்டுவது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்த மூன்றாவதைத்தான் சொல்வேன். கெடுவது பெரும்பாலும் இணையத்தின் நடுப்பகுதி. அதை மட்டும் விலைக்கு வாங்குகிறீர்கள்.

முன்னுரிமைக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. குரல் பாக்கெட்டுகளுக்கு டி.எஸ்.சி.பி. (பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண்) 46 போடுவது வழக்கம். உங்கள் கட்டடத்துக்குள்ளும் தனியார் சுற்றிலும் அதை மதிப்பார்கள். பொது இணையம் அதைக் கண்டுகொள்ளாது. இருந்தாலும் நெரிசல் அதிகம் நேர்வது உங்கள் வாசலில், மேலேற்றும் திசையில். அங்கே வேகத்தை இணைப்பின் கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே நீங்களே கட்டுப்படுத்தி, குரலை வரிசையின் முன்னால் நிறுத்துங்கள்.

படி 5: கோடெக்கும் கொள்ளளவும்

ஜி.711 என்ற வழக்கமான கோடெக்கில் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட். ஒவ்வொரு பாக்கெட்டின் முகவரித் தலைப்புகளும் சேர்ந்து ஈத்தர்நெட்டில் 87 ஆகும், ஐ.பி.செக் என்ற வி.பி.என். சுரங்கத்துக்குள் நுழைந்தால் 100-ஐத் தாண்டும். குரலைச் சுருக்கும் ஜி.729 வெறும் 8 கிலோபிட் என்று விளம்பரப்படுத்துவார்கள். விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் இங்கேயும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதே தலைப்புகள் உண்டு. சுரங்கத்துக்குள் அது 50 கிலோபிட்டைத் தொடும். எட்டில் ஒரு பங்கு என்று எண்ணி வாங்கியது பாதிதான் மிச்சப்படுத்துகிறது, குரலையும் மெலியச் செய்கிறது.

1956-இல் அட்லாண்டிக்கின் அடியில் போடப்பட்ட டாட்-1 தொலைபேசிக் கேபிள் 36 தடங்களோடு திறக்கப்பட்டது. இரண்டு கண்டங்களுக்கும் நடுவே தொலைபேசிக் கேபிள் வழியாக மொத்தமே அவ்வளவுதான். இன்று 36 அழைப்புகளை ஜி.711-இல், சுரங்கம் இல்லாமல், அனுப்ப ஒவ்வொரு திசையிலும் சுமார் 3 மெகாபிட் போதும். ஆகவே அகலத்தைச் சேமிக்கக் குரலைக் கசக்க வேண்டாம். தொலைபேசிகள் ஏற்றால் ஓபஸ் கோடெக்கைப் பயன்படுத்துங்கள், 2012-இல் ஆர்.எஃப்.சி. 6716 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்ட அது பாக்கெட் இழப்பையும் ஓரளவு தாங்கும். எல்லா முனைகளிலும் ஒரே கோடெக் முதலிடத்தில் இருக்கட்டும். நடுவழியில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தாமதமும் தேய்மானமும் கூடும்.

பழைய இ-1, டி-1 சுற்றுகள் (ஐ.பி. அல்லாத டிஜிட்டல் தொலைபேசி இணைப்புகள்) கொண்ட பி.பி.எக்ஸ். ஏதேனும் ஒரு கிளையில் உயிரோடு இருந்தால் அதை ஐ.பி.யோடு இணைக்கும் கேட்வே ஒன்று தேவைப்படும். அங்கே ஒரு பொறி: ஜி.711-க்கு இரண்டு முகங்கள். வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா, மற்றவர்கள் பெரும்பாலும் ஏ-லா. மாற்றி வைத்தால் குரல் புரியும், ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போலக் கரகரக்கும்.

படி 6: ட்ரங்கை இழுத்துப் பூட்டுங்கள்

இரண்டு கிளைகளில் மட்டும் தொடங்குங்கள். எஸ்.ஐ.பி. சமிக்ஞை டி.எல்.எஸ். குறியாக்கம் வழியாக 5061 போர்ட்டில் (சேவையின் வாசல் எண்), குரல் எஸ்.ஆர்.டி.பி. குறியாக்கத்தில். வி.பி.என். சுரங்கம் ஏற்கெனவே குறியாக்கம் செய்கிறது என்றால் இரட்டிப்பாகச் செய்வதா என்பது உங்கள் பாதுகாப்புக் குழுவின் முடிவு. சுரங்கத்துக்குள்ளும் சமிக்ஞைக்கு யு.டி.பி.யைவிட, சேர்ந்ததை உறுதிசெய்யும் டி.சி.பி.யே மேல். காரணம் கீழே பழுதுப் பகுதியில் வருகிறது. ரவுட்டரில் "எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி." என்றொரு வசதி இருக்கும். உதவி என்ற பெயரில் செய்திகளைத் திருத்தி எழுதிக் கெடுப்பதே அதன் தொழில், அணைத்துவிடுங்கள்.

5060 போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைக்கும் பி.பி.எக்ஸ்.ஐத் தேடி நாள் முழுவதும் ரோபோக்கள் உலகைச் சலிக்கின்றன. பலவீனமான கடவுச்சொல் ஒன்று கிடைத்தால் போதும், வார இறுதி இரவில் அலுவலகம் காலியாக இருக்கும்போது, தொலைதூர நாடுகளின் கூடுதல் கட்டண எண்களுக்கு உங்கள் செலவில் அழைப்புகள் ஓடும். ட்ரங்கை அறிந்த ஐ.பி. முகவரிகளுக்கு மட்டும் திறங்கள். கிளை ட்ரங்கில் உள்ளே வரும் அழைப்புக்கு 8-இல் தொடங்கும் எண்களைத் தவிர வேறெதையும் அனுமதிக்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு என்ற வரம்பைப் போடுங்கள். பொதுத் தொலைபேசிச் சேவை நிறுவனத்திடம் நாளொன்றுக்கான செலவு உச்சவரம்பையும் கேட்டுப் பெறுங்கள். கடைசியாகச் சொன்னதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் அழுகிறார்கள்.

எல்லாச் சேவையகங்களும் என்.டி.பி. (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) மூலம் நேரத்தைச் சரிசெய்துகொண்டு, பதிவேடுகளை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதட்டும். நான்கு நேர மண்டலங்களில் எழுதிய பதிவுகளை அருகருகே வைத்து ஒரு அழைப்பைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு தேதியையே மாற்றிப் படித்துவிட்டு, இரண்டு மணி நேரம் வேறொருவரின் அழைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

படி 7: பழுதுகள் தங்களைக் காட்டிக்கொள்ளும் விதம்

அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்தால் மகிழுங்கள், காரணம் தெரிந்துவிட்டது. எடுத்தவர் பக்கம் அனுப்பிய பதிலுக்கு அழைத்தவர் பக்கத்திலிருந்து "ஆக்" என்ற ஒப்புதல் செய்தி வந்து சேரவில்லை. எஸ்.ஐ.பி.யின் அடிப்படை நேர அலகு அரை விநாடி, அதைப்போல் 64 மடங்கு காத்திருந்துவிட்டு அது துண்டிக்கிறது. பெரும்பாலும் தவறான முகவரி ஏதோ ஒரு தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சரியாக 15 அல்லது 30 நிமிடத்தில் அறுந்தால் காரணம் செஷன் டைமர், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையிடையே சரிபார்க்கும் கடிகாரம். 1800 விநாடி என்ற வழக்கமான கால அளவின் பாதியில் புதுப்பிப்புச் செய்தி போக வேண்டும். அதற்குள் நடுவேயுள்ள ஃபயர்வால் அந்த இணைப்பை மறந்திருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டால் குரல் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று சொல்லும் எஸ்.டி.பி. பகுதியைத் திறந்து பாருங்கள். மறுமுனையால் எட்ட முடியாத உள் ஐ.பி. முகவரி அங்கே எழுதியிருக்கும், அல்லது ஆர்.டி.பி. போர்ட் வரம்பு ஒரு பக்க ஃபயர்வாலில் திறந்திருக்காது.

மிகவும் அலைக்கழிப்பது இது: சில தொலைபேசிகளிலிருந்து மட்டும் அழைப்பு போகவே போகாது, மற்றவற்றிலிருந்து போகும். அந்தத் தொலைபேசிகள் பத்துக் கோடெக்குகளைப் பட்டியலிட்டு நீண்ட "இன்வைட்" என்ற அழைப்புத் தொடக்கச் செய்தியை அனுப்பும். சுரங்கத்தின் எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் உச்ச) அளவை மீறிய யு.டி.பி. பாக்கெட் இரண்டாக உடையும். இரண்டாம் துண்டை ஏதோவொரு ஃபயர்வால் வீசிவிடும். யு.டி.பி.யில் 1300 பைட்டைத் தாண்டும் செய்திகளை டி.சி.பி.க்கு மாற்ற வேண்டும் என்று எஸ்.ஐ.பி.யின் ஆர்.எஃப்.சி. 3261 சொல்வது இதற்காகத்தான். தேவையற்ற கோடெக்குகளைக் களைந்து, டி.சி.பி.க்கு மாறுங்கள்.

தன் குரலே திரும்பக் கேட்கிறது என்று ஒருவர் புகார் சொன்னால், எதிரொலி பிறப்பது மறுமுனையில். உள்ளூரில் 10 மில்லி விநாடியில் திரும்பும்போது யாரும் உணராத அதே எதிரொலி, கண்டம் தாண்டி 300-இல் திரும்பும்போது தாங்க முடியாததாகிறது. புகார் சொன்னவரின் தொலைபேசியை மாற்றிப் பயனில்லை; மறுமுனையின் ஒலிபெருக்கித் தொலைபேசியையும் கேட்வேயின் எதிரொலி நீக்கியையும் பாருங்கள்.

"விற்பனைக்கு 1 அழுத்தவும்" என்பதற்கு 1 அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், இலக்கங்களைக் குரலுக்குள் ஒலியாக அனுப்பாமல் ஆர்.எஃப்.சி. 4733 முறையில் தனி நிகழ்வாக அனுப்பும்படி இரு பக்கமும் வையுங்கள். ஃபேக்ஸ் இன்னும் தேவைப்பட்டால் டி.38 என்று பெயரளவில் ஒன்று இருக்கிறது. மின்னஞ்சலுக்கு மாறுவது மலிவு.

படி 8: அறுந்த நாளுக்கான ஏற்பாடு

2006 டிசம்பரில் தைவான் அருகே நிலநடுக்கம் பல கடலடிக் கேபிள்களை ஒரே இரவில் அறுத்தது. 2008 ஜனவரியில் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு பெரிய கேபிள்கள் அறுந்தன. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தும் இரண்டும் ஒரே நீரிணை வழியாகப் போயிருந்தால் மாற்று ஏற்பாடு பெயருக்குத்தான். வாங்கும் முன் எந்தக் கேபிள், எந்தக் கரை என்று கேளுங்கள். சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் இரண்டாவது இணைப்பை வாங்காதீர்கள். கேபிள் அறுந்தால் இணைப்பு சாகாமல், வேறு கடல் வழியாகச் சுற்றிப் போவதும் உண்டு. ட்ரங்க் பச்சை விளக்கோடு இருக்கும், தாமதம் மட்டும் இருமடங்காகியிருக்கும். ஆகவே உயிரோடு இருக்கிறதா என்பதைப் போலவே தாமதத்தையும் கண்காணித்து எச்சரிக்கை வையுங்கள்.

30 விநாடிக்கு ஒருமுறை "ஆப்ஷன்ஸ்" செய்தி அனுப்பி எதிர்முனையை விசாரிக்கும்படி ட்ரங்கை அமையுங்கள். பதிலில்லாத "இன்வைட்"டுக்கும் எஸ்.ஐ.பி. இயல்பாகக் காத்திருப்பது அதே 32 விநாடிதான். அதற்குள் அழைப்பவர் எரிச்சலோடு வைத்துவிடுவார். அதை 4 அல்லது 5 விநாடியாகக் குறைத்து, பிறகு இரண்டாம் ட்ரங்க், அதுவும் இல்லையென்றால் பொதுத் தொலைபேசி வலை என்று வரிசையாக வையுங்கள். இதற்காக ஒவ்வொரு உள்ளெண்ணுக்கும், குறைந்தபட்சம் ஒவ்வொரு கிளைக்கும், பொது எண் ஒன்று அட்டவணையில் இருக்க வேண்டும். கிளைகளுக்கு நடுவே எல்லாம் அறுந்தாலும் கிளைக்குள்ளும் அவசர எண்ணுக்கும் பேச முடிய வேண்டும், பி.பி.எக்ஸ்.ஐ முழுக்க வேறொரு கண்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் இதை இழக்கிறார்கள்.

பிறகு ஒரு வேலைநாளில், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதன்மை இணைப்பின் கேபிளைக் கையால் பிடுங்குங்கள். ஒரு அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு முறை, அழைப்பு ஏதும் இல்லாதபோது ஒரு முறை. இரண்டாவது சோதனையில் தேறி முதலாவதில் தவறினால் அது சகஜம். ஓடும் அழைப்பு அறுவதை ஏற்றுக்கொள்ளலாம், அடுத்த அழைப்பு போனால் போதும். இரண்டு கிளைகளும் இரண்டு வாரம் இப்படி ஓடிய பிறகு மூன்றாவதைச் சேருங்கள். நான்கும் சேர்ந்து ஒரு மாதம் கழியும்வரை எந்த ஊரிலும் பழைய இணைப்பை ரத்துசெய்யும் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.